ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் மாற்றியதாக பில்; வடிக்கும் போல்ட்டில் ஸ்பேனரே படவில்லை

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கோவையில் பல கம்பெனி வண்டிகளும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்கு நடந்தது இது.

எங்களுடையது இன்னோவா கிரிஸ்டா 2.8 டீசல் ஆட்டோமேட்டிக், 2017 மாடல். லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. மாமனார் வீடு குன்னூர் என்பதால் ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குகிற வண்டி. ஏசி வேலைக்காக விட்டிருந்தேன். மாலையில் சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்: டிஷ்யூ பேப்பரில் கருப்பாக ஒரு சொட்டு. பின்னாலேயே போன். “சார், கியர்பாக்ஸ் ஆயில் கருகிப்போச்சுங்க. இப்படியே ஓட்டுனா மலையில நின்னுடும். மெஷின் ஃபிளஷ் போட்டுடலாமுங்க.”

ஃபிளஷ் என்றால் மெஷின் வைத்துப் பழைய ஆயிலைத் தள்ளிவிட்டுப் புதிது ஏற்றுவது. கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தால் மாற்ற வேண்டிய நேரம்தான் என்று சம்மதித்தேன். வேலை நடக்கும்போது கூட நிற்கிறேன் என்றதற்கு, வெளியாட்களை உள்ளே விடுவதில்லை என்றார்கள். பில்லில் 12 லிட்டர் டொயோட்டா டபிள்யூஎஸ் ஆயில், ஃபில்டர், ஃபிளஷ் கூலி என்று ரூ.23,000-க்கு மேல். காலி டப்பா எங்கே என்றால், “பேரல்ல வாங்குறோமுங்க.” பழைய ஃபில்டர் எங்கே என்றால், “குப்பைக்குப் போயிடுச்சுங்க.”

அடுத்த முறை பர்லியாறு தாண்டி ஏறும்போது பிரச்சினை ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை. பிறகு பின்னாலிருந்து இடித்தாற்போல் ஒரு குலுக்கல். பின் சீட்டில் குழந்தைகள். கொண்டை ஊசி வளைவில், பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்போது வண்டி இப்படித் தடுமாறினால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கோபம் அடங்கவில்லை.

திரும்பி வந்ததும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துக் காட்டினார். ஆயில் வடிக்கும் போல்ட்டைச் சுற்றி மழைக்காலச் சேறு காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. ‘ஆயில் பான்’ என்கிற, ஆயில் தேங்கும் அடித்தட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகளும் அப்படியே; ஃபில்டர் இதற்குள்தான் இருக்கும். அளவு பார்க்கும் செக் போல்ட் மட்டும் பளபளவென்று, ஸ்பேனர் பட்ட தடத்தோடு இருந்தது. “வடிக்கிற போல்ட்டத் தொடவே இல்லீங்களே சார். பானையும் இறக்கல, அப்புறம் ஃபில்டர எப்படி மாத்துனாங்க?” என்றார்.

அவர் விளக்கியதும்தான் முழுதாகப் புரிந்தது. இந்த கியர்பாக்ஸில் அளவு பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் டார்க் கன்வர்ட்டரிலும் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பைப்புகளிலும் சுற்றிக்கொண்டிருக்கும், பானில் மட்டம் இறங்கியிருக்கும். இன்ஜினை நிறுத்தினால் அதில் ஒரு பகுதி இறங்கிவந்து மட்டம் உயரும். அந்த நிலையில் செக் போல்ட்டைத் திறந்தால் உள்ளே இருக்க வேண்டிய ஆயில் வழிந்து போய்விடும். டிஷ்யூவில் சொட்டு காட்டுவதற்காக அதைத் திறந்திருக்கிறார்கள், போனதை ஊற்றாமலே மூடியிருக்கிறார்கள். ஆக, எனக்குக் கிடைத்தது அதே பழைய ஆயில், அதுவும் குறைவாக.

அளவை என் கண் முன்னால் பார்க்கச் சொன்னேன். வண்டி சமமாக நிற்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும், பி முதல் டி வரை லீவரை நிதானமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஸ்கேனரில் ஆயிலின் சூடு 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் செக் போல்ட்டைத் திறக்க வேண்டும். கொதிக்கிற ஆயில் விரிந்திருக்கும், அப்போது பார்த்தால் குறைந்த அளவும் சரியாகத் தெரியும். எங்கள் வண்டியில் ஒரு சொட்டுகூட வரவில்லை. ஒரு லிட்டர் டப்பாவில் பெரும்பகுதி உள்ளே போன பிறகே நூலாக வழிந்தது, அளவு சரி என்பதற்கு அதுதான் அடையாளம்.

அதன்பின் ஆயிலை வடித்து, ஆயில் பானைக் கழற்றி இறக்கினார். வந்த ஆயில் டிகாக்‌ஷன் நிறம். புது டபிள்யூஎஸ் சிவப்பாக இருக்கும். பானுக்குள் இருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறப் பசை இருந்தது. அது சாதாரணத் தேய்மானம்தானாம், பயப்பட வேண்டியது இரும்புச் சில்லுகளைப் பார்த்தால்தான். நிறம் கறுத்ததை மட்டும் வைத்து ஆயில் கருகிவிட்டது என்று சொல்ல முடியாது, தீய்ந்த வாடையும் அடிக்க வேண்டும். ஒரு முறை வடித்தால் மொத்த ஆயிலும் வராது, பாதிக்கு மேல் கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றச் சொன்னார், அப்படியே செய்தோம். இழுப்பு சரியாகிவிட்டது. கிளட்ச் தகடுகளுக்கு எவ்வளவு சேதம் என்பது போகப் போகத்தான் தெரியும்.

எப்போது மாற்றுவது என்பதில் இரண்டு பக்கமும் ஏமாற்றுகிறார்கள். ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்பதை நம்பாதீர்கள். பல கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்துதரும் ஜெர்மனியின் ஜெட்எஃப் நிறுவனமே தன் கியர்பாக்ஸுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது 8 ஆண்டுகள் என்றுதான் சொல்கிறது. மலை, பாரம், நெரிசல் என்று ஓடும் வண்டிக்கு இன்னும் முன்னதாகவே பார்க்க வேண்டும். அதே நேரம் ஒவ்வொரு சர்வீஸிலும் ஃபிளஷ் கேட்பவரையும் நம்ப வேண்டாம். சிவிடி (பல்சக்கர கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) வண்டிக்கு அதற்கென்று உள்ள ஆயில்தான், சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கும். மாருதி ஏஜிஎஸ் போன்ற ஏஎம்டி வண்டிகளில் இருப்பது தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ், அதில் டார்க் கன்வர்ட்டரே கிடையாது. அதற்கு ஏடிஎஃப் ஃபிளஷ் என்று யாராவது பில் நீட்டினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வண்டியை விடும் முன் அடியில் உள்ள போல்ட்டுகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். சீல் உடைக்காத டப்பா, பழைய ஃபில்டர், பான் கேஸ்கட் மூன்றையும் காட்ட வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். கூட நிற்க விடமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஒர்க்‌ஷாப்காரர்களிடம் படங்களைக் காட்டினேன். அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பில், வாட்ஸ்அப் படம், லிஃப்டில் எடுத்த வீடியோ, இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் கையில் இருக்கிறது. இதே மாதிரி டிஷ்யூ படம் காட்டி பில் போடப்பட்டவர்கள் இருந்தால் உங்கள் பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், எனக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.