மே மாத ட்ரையவுட்டுக்கு முன் இதைப் படித்துவிட்டு டெபாசிட் கட்டுங்கள் (நியூ ஜெர்சி சாக்கர் பெற்றோர்களுக்கு)

நியூ ஜெர்சியில் 8 முதல் 13 வயதுக்குள் சாக்கர் (கால்பந்து) ஆடும் பிள்ளை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெக்சாஸில் இருக்கும் என் தோழியிடம் சொன்னால் அங்கேயும் இதே கதைதான் என்கிறாள், அதனால் மற்ற மாநிலத்துக்காரர்களும் படிக்கலாம். இன்னும் சில வாரத்தில் கிளப்புகளின் ட்ரையவுட் (பிள்ளைகளை ஆட வைத்துத் தேர்ந்தெடுப்பது) ஆரம்பம். இந்த வருடம் உலகக்கோப்பை வேறு, ஜூலை 19 அன்று இறுதி ஆட்டமே நம்ம ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் நடக்கப் போகிறது, பிள்ளைகள் எல்லாம் அதே பேச்சாக இருக்கிறார்கள், கிளப்புகளும் அதைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு மைதானம் பேனர் கட்டிவிட்டன. போன வருடம் மகளைச் சேர்த்து நாங்கள் மாட்டிய கிளப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பணத் தகராறு இன்னும் முடியவில்லை. அதோடு பெயரைச் சொன்னால் "ஓ, அந்த கிளப்பா, நம்ம கிளப் அப்படி இல்லை" என்று நீங்கள் நகர்ந்துவிடுவீர்கள்.

மகளுக்கு 11 வயது. போன வருடம் வரை எங்கள் ஊர் டிராவல் டீமில் ஆடிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர்களோடு மேட்ச், பெற்றோர்களில் ஒருவர்தான் கோச், வருடத்துக்குச் சில நூறு டாலர், அவ்வளவுதான். ஒரு மேட்ச் முடிந்ததும் கிளப் ஆள் ஒருவர் வந்து கைகுலுக்கி, இவளுக்கு இடது கால் அருமையாக வருகிறது, இங்கேயே இருந்தால் வீணாகிவிடுவாள், எங்கள் ட்ரையவுட்டுக்கு ஒருமுறை வரட்டும் என்றார். அவளை வைத்துக்கொண்டே சொன்னார். எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், ஆனால் பிள்ளை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நாம்தானே, இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ட்ரையவுட் முடிந்த இரவே மின்னஞ்சல் வந்தது. இரண்டாவது டீமில் இடம் (ஒரே வயதுக்குத் திறமை வரிசையில் பல டீம் வைத்திருப்பார்கள்), 48 மணி நேரத்துக்குள் 500 டாலர் டெபாசிட், திரும்பக் கிடைக்காது. வருடக் கட்டணம் 3,100 டாலர், மாதத் தவணை. போனில் கேட்டேன், கோச் யார் என்று. பி லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள், ட்ரையவுட்டில் பிள்ளைகளை நடத்தியதும் அவர்தான், நன்றாகவே நடத்தினார். (தெரியாதவர்களுக்கு: யு.எஸ். சாக்கர் கோச்சிங் படிகள் கிராஸ்ரூட்ஸில் தொடங்கி டி, சி, பி, ஏ, ப்ரோ என்று மேலே போகும். கிராஸ்ரூட்ஸ் என்பது குறுகிய அடிப்படைப் பயிற்சி. பி என்பது நிறைய உழைத்து வாங்குவது.) மின்னஞ்சலின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: டீமும் கோச்சும் மாற்றத்துக்கு உட்பட்டவை.

ஆகஸ்டில் அந்த வரி வேலை செய்தது. வேறொரு கிளப்பிலிருந்து கிட்டத்தட்ட ஒரு டீமையே இவர்கள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், வந்தவர்கள் இரண்டாவது டீம் ஆனார்கள், எங்கள் பிள்ளைகள் மூன்றாவது டீம் ஆனார்கள். பி லைசென்ஸ் கோச் அந்தப் பக்கம் போய்விட்டார். எங்களுக்கு வந்தது ஒரு கல்லூரிப் பையன். நல்ல பையன், பிள்ளைகளோடு சிரித்துப் பேசுவான், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவனை ஒரே நேரத்தில் பாதி மைதானத்தில் எங்கள் டீமுக்கும் மறு பாதியில் ஒன்பது வயதுப் பையன்களுக்கும் கோச் ஆக்கியிருந்தார்கள். இங்கே ஒரு பயிற்சியைச் சொல்லிவிட்டு அங்கே ஓடுவான், அவன் திரும்பி வருவதற்குள் இங்கே பாதிப் பிள்ளைகள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். அக்டோபரில் அவனுக்குத் தேர்வு வந்தது, பல வாரம் யார் யாரோ வந்தார்கள், ஒருநாள் யாருமே வரவில்லை, மதுரைக்கார அண்ணன் ஒருவர் ஆபீஸ் சட்டையோடு இறங்கிப் பயிற்சி கொடுத்தார்.

கட்டணம் மட்டும் மாறவில்லை. முதல் டீமுக்கும் 3,100, எங்களுக்கும் 3,100. இதுதான் நான் சொல்ல வந்த விஷயமே. இந்த கிளப்புகளில் மூன்றாவது, நான்காவது டீம் என்பது பெரும்பாலும் பிள்ளைகளுக்காக உருவாவதில்லை, முதல் டீமுக்குப் பணம் வருவதற்காக உருவாகிறது. மேலே இருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு "ஸ்காலர்ஷிப்" என்று கட்டணமே இல்லை அல்லது பாதி, அவர்கள் ஃப்ளோரிடா வரை போய் ஆட வேண்டும், அவர்களுடைய கோச்சுக்கு நல்ல சம்பளம், டைரக்டருக்கு அதைவிட நல்ல சம்பளம். அதெல்லாம் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? மற்ற நாடுகளில் சின்ன கிளப்புக்கும் ஒரு வழி இருக்கிறது, அது வளர்த்த பையன் பின்னாளில் பெரிய தொகைக்கு விற்கப்பட்டால், ஃபிஃபா விதிப்படி அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும். அமெரிக்காவில் ரொம்பக் காலம் அந்த ஏற்பாடு நடைமுறைக்கே வரவில்லை, இங்கத்திய பெரிய தொழில்முறை லீக்கான எம்எல்எஸ் 2019-இல்தான் ஒத்துக்கொண்டது. ஆக இங்கே கிளப்புக்கு வருமானம் என்றால் பெரும்பாலும் பெற்றோர் பைதான். 2018 உலகக்கோப்பைக்கு அமெரிக்க ஆண்கள் அணி தகுதி பெறாமல் போனபோது இந்தப் "பணம் கட்டினால் ஆடலாம்" முறையைத் திட்டாத ஆளில்லை. அப்புறம் கட்டணம்தான் ஏறியது.

டைரக்டரின் சம்பளம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நம் ஊர்ப்பக்க கிளப்புகளில் பல லாபநோக்கற்ற அமைப்புகளாகப் பதிவு செய்தவை. அப்படியென்றால் அவர்கள் வருடாவருடம் ஃபார்ம் 990 என்ற வரவு செலவு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் வரித்துறையின் (ஐஆர்எஸ்) தளத்தில் போய்ப் பார்க்கலாம். பெரிய கிளப் என்றால் மொத்த வருமானம், பயணச் செலவு, நிர்வாகிகளும் அதிகச் சம்பளக்காரர்களும் வாங்கும் தொகை எல்லாம் பெயரோடு இருக்கும். கால் மணி நேர வேலை. எங்கள் வீட்டுக்காரர் அதைத் திறந்து பார்த்த அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. தனியார் கம்பெனியாக நடக்கும் கிளப்புகளுக்கு இது கிடையாது, அங்கே கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

3,100 என்பது ஆரம்பம்தான். யூனிஃபார்ம் 340, அவர்கள் சொல்லும் கடையில், அவர்கள் சொல்லும் பை உட்பட. டோர்னமெண்ட் கட்டணம் தனி. கோச் வந்து தங்கும் செலவையும் டீம் பெற்றோர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஹோட்டல் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெளியூர் டோர்னமெண்ட் பலவற்றில் அதை நடத்துபவர்கள் பட்டியலில் உள்ள ஹோட்டலில், அவர்கள் ஏஜென்சி வழியாகத்தான் அறை எடுக்க வேண்டும், இல்லையென்றால் டீமைச் சேர்க்க மாட்டார்கள். மேரிலாந்தில் ஒரு இரவுக்கு 229 டாலர் கொடுத்தோம், சாலைக்கு அந்தப் பக்கம் அதே தரத்து ஹோட்டல் 140. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பங்கு டோர்னமெண்ட் நடத்துபவர்களுக்குப் போவது இந்தத் தொழிலில் சாதாரண ஏற்பாடு. மூன்று மணி நேரம் காரோட்டி, இட்லியையும் புளிசாதத்தையும் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியையும் விட்டுவிட்டுப் போனால், அங்கே மகள் பெஞ்சில். காரணம் கெஸ்ட் பிளேயர். கோப்பை ஜெயிக்க வேண்டுமென்று மேல் டீமிலிருந்து சிலரை அந்த வார இறுதிக்கு மட்டும் இறக்கியிருந்தார்கள். களத்தில் ஒன்பது பேர்தான், எங்கள் ரோஸ்டரிலேயே (டீம் பட்டியலிலேயே) 16 பிள்ளைகள், அதன் மேல் விருந்தாளிகள். கல்யாணத்துக்குச் சீர் வைத்தவனை வாசலில் நிறுத்திவிட்டு வழிப்போக்கனைப் பந்தியில் உட்கார வைத்ததுபோல இருந்தது.

கோச்சிடம் கேட்கலாம் என்றால் 24 மணி நேர விதி. மேட்ச் முடிந்து ஒரு நாள் கழித்துத்தான் பேச வேண்டும். அது நல்ல விதிதான், சில அப்பாக்கள் மைதானத்தில் கத்துவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் கழித்து டைரக்டருக்கு எழுதினேன். பதில் என்ன தெரியுமா? அவளுக்குப் பந்தைக் காலில் அடக்கும் திறன் இன்னும் வர வேண்டும், எங்கள் கோச் ஒருவரிடம் தனிப் பயிற்சி எடுக்கலாம், மணிக்கு 90 டாலர், இதோ லிங்க். பெஞ்சில் உட்கார வைப்பதும் அவர்கள், அதிலிருந்து எழுப்பிவிடுவதற்குக் காசு வாங்குவதும் அவர்கள். எடுத்தால் ஆட விடுவோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எடுத்த பிள்ளைகள் அடுத்த வாரம் முதல் வரிசையில் இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

நம் ஆட்களிடம் இவர்கள் கடைசியில் எடுப்பது கல்லூரி அஸ்திரம், அது நம்மிடம் நன்றாக வேலை செய்யும் என்பதையும் அறிந்து வைத்திருக்கிறார்கள். ஈசிஎன்எல், ஈசிஎன்எல் ஆர்எல், கேர்ள்ஸ் அகாடமி, பையன்களுக்கு எம்எல்எஸ் நெக்ஸ்ட் என்று எழுத்துகளாக அடுக்குவார்கள், இந்த லீக்கில் ஆடினால் காலேஜ் கோச்சுகள் வந்து பார்ப்பார்கள் என்பார்கள். அந்த லீக்குகள் யூ-13, அதாவது 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான் தொடங்குகின்றன. டிவிஷன் 1 (மேல்மட்டப் பிரிவு) கல்லூரி கோச், பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15-க்கு முன் சாக்கர் பிள்ளையிடம் ரெக்ரூட்டிங் (அணிக்கு ஆள் சேர்க்கும்) பேச்சே பேசக்கூடாது, இது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. 2025 வரை டிவிஷன் 1-இல் ஒரு பெண்கள் அணி முழுவதற்கும் சேர்த்து 14 ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு 9.9, அதையும் இருபது முப்பது பேருக்குத் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். இப்போது விதி மாறி, புது ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு போய், அணிக்கு இத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது, அதற்காக எல்லோருக்கும் முழுப் பணம் என்று அர்த்தமில்லை. 11 வயதுப் பிள்ளையின் மூன்றாவது டீமுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வருடம் ஐயாயிரத்தை 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டால் கல்லூரிக்கு அது நிச்சயமாக உதவும்.

ஜனவரியில் போதும் என்று முடிவு செய்தோம். மீதித் தவணைகளை நிறுத்தச் சொல்லி எழுதினோம். ஒப்பந்தப்படி இடையில் விலகினாலும் முழு வருடக் கட்டணமும் பாக்கிதான், பாக்கி தீரும்வரை ரிலீஸ் (கிளப்பிலிருந்து விடுவிக்கும் ஒப்புதல்) தர மாட்டோம் என்றார்கள். ரிலீஸ் இல்லாமல் அதே சீசனில் வேறு டீமுக்கு மாற முடியாது, பிளேயர் கார்டு (ஆடுவதற்கான பதிவு அட்டை) அவர்கள் கையில். சொன்ன கோச் எங்கே, சொன்ன டீம் எங்கே என்று கேட்டால் அந்தப் பொடி எழுத்து வரியைக் காட்டினார்கள். கொஞ்ச நாள் கழித்து நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, கடைசி இரண்டு தவணையைத் தள்ளுபடி செய்கிறோம், ஆனால் இதைப்பற்றி வெளியே பேச மாட்டோம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார். போடவில்லை.

இந்த மே மாதம் கூடுதல் கவனம் தேவை. 2026-27 சீசனிலிருந்து பெரும்பாலான லீக்குகளில் வயதுக் கணக்கு மாறுகிறது, ஜனவரி முதல் டிசம்பர் வரை என்ற பிறந்த ஆண்டு முறை போய் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று பள்ளி வகுப்பை ஒட்டி வருகிறது. எல்லா டீமும் கலைந்து மறுபடி சேரும், "இடம் குறைவு, உடனே கட்டுங்கள்" என்று நெருக்குவார்கள், எந்தப் பிள்ளை எந்த டீம் என்று அவர்களுக்கே ஆகஸ்ட் வரை தெரியாது. டெபாசிட் கட்டும் முன் கோச் பெயரையும் டீம் பெயரையும் எழுத்தில் வாங்குங்கள், மாறினால் பணம் திரும்ப வரும் என்ற வரியையும் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அதுவே பதில். அந்த கோச் இன்னும் எத்தனை டீம் பார்க்கிறார், ரோஸ்டர் எத்தனை பேர், கெஸ்ட் பிளேயர் உண்டா, போன வருடம் இதே வயது மூன்றாவது டீம் பெற்றோர் மொத்தமாக எவ்வளவு செலவழித்தார்கள் என்று கேளுங்கள். இதை கிளப்பிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை, ஏதாவது ஒரு சனிக்கிழமை அவர்கள் மேட்சுக்குப் போய் மூன்றாவது டீம் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் கேளுங்கள், ஐந்து நிமிடத்தில் கொட்டிவிடுவார்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுக்க விடாதீர்கள், தகராறு வந்தால் கார்டு கம்பெனியிடம் முறையிடவாவது வழி இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். நியூ ஜெர்சி ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றப் பிரிவு) 5,000 டாலர் வரை வழக்குப் போடலாம், எங்கள் தொகை அதற்குள் வருகிறது. ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஆர்பிட்ரேஷன் (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் தீர்ப்பது) என்று ஒரு பத்தி இருக்கிறது, அது இதைத் தடுக்குமா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கிளப் மேல் வழக்குப் போட்டவர்கள், அல்லது ரிலீஸைப் பிடித்து வைத்ததற்காக மாநில சாக்கர் சங்கத்தில் புகார் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், முக்கியமாக ஃபாரத்தில் கிளப்பின் பெயரைப் போட்டீர்களா, டைரக்டர் பெயரையும் சேர்த்தீர்களா என்று.