தெளிந்த நீரும் சயனூரிக் அமிலமும்: வீட்டு நீச்சல் குளத்தை நானே பராமரித்த அனுபவம்

எங்கள் நீச்சல் குளத்தின் நீரில் பாதியை அண்மையில் வெளியேற்றிவிட்டுப் புதிய நீரை நிரப்பினேன். வெளியேற்றிய நீர் கலங்கலாகவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. ஆழப் பகுதியின் அடியிலிருக்கும் வடிகால் மூடியின் துளைகளை மேலிருந்தே எண்ணிவிடலாம் என்ற அளவுக்குத் தெளிவாக இருந்தது. அதிலிருந்த ஒரே கோளாறு, வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலத்தின் அளவு லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டியிருந்ததுதான் (கீழே நீரில் உள்ள அளவாக மில்லிகிராம் என்று சொல்வதெல்லாம் லிட்டருக்குத்தான்). நான் ஊரில் இல்லாத காலத்தில் குளத்தைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பேற்றவர், மிதவைக்குள் குளோரின் மாத்திரைகளை அடுக்கிப் போட்டே காலத்தை ஓட்டியிருக்கிறார். நீரின் வேதியியலைப் பல ஆண்டுகளாக நானே கவனித்து வருவதால் எனக்கு ஏற்பட்ட ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை. கீழே வருவதைப் படிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8 வரை, பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கும் மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120 மில்லிகிராம் வரை, சிமென்ட் பூச்சுள்ள குளமானால் கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 மில்லிகிராம் வரை என்ற அளவுகள் குளம் வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்தவையே. இவற்றில் எதுவும் என்னைப் பெரிதாகப் படுத்தியதில்லை. காரத்தன்மை குறைந்தால் சமையல் சோடா போதும். 50,000 லிட்டர் குளத்தில் அதை 10 மில்லிகிராம் உயர்த்த ஏறத்தாழ 850 கிராம் வேண்டும், அவ்வளவுதான். பி.எச். தானாகவே மேலே ஏறிக்கொண்டிருக்கும் என்பது உண்மை. நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதே அதற்குக் காரணம் என்பதால், செயற்கை அருவியோ நீரூற்றோ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக இருக்கும். காரத்தன்மையைச் சற்றுத் தாழ்வாக வைத்துக்கொண்டு, அவ்வப்போது கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றினால் அதுவும் கட்டுக்குள் வந்துவிடுகிறது. என் மனக்குறை முழுவதும் சயனூரிக் அமிலத்தின் மேல்தான்.

அந்த அமிலம் தேவையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாத நீரில் குளோரினை எவ்வளவு ஊற்றினாலும், உச்சி வெயில் இரண்டு மணி நேரத்திற்குள் அதன் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சயனூரிக் அமிலம் குளோரினைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, செலவாகச் செலவாகச் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. திறந்த வெளியில் இருக்கும் குளத்திற்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் அதன் அளவு கூடக்கூட, பிடித்து வைக்கப்பட்டிருக்கும் குளோரினின் பங்கும் கூடுகிறது. கிருமிகளையும் பாசியையும் கொல்லத் தயாராக இருக்கும் பங்கு குறைந்துகொண்டே போகிறது. இதனால்தான், தனிக் குளோரின் (அதாவது அழுக்கோடு சேர்ந்துவிடாமல் மிச்சமிருக்கும் குளோரின்) அளவு சயனூரிக் அமில அளவில் 7.5 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற கணக்கைச் சொந்தமாகப் பராமரிப்பவர்கள் பலர் பின்பற்றுகிறார்கள். அமிலம் 40 இருந்தால் குளோரின் 3 போதும். அமிலம் 100 ஆனால் அதே பாதுகாப்புக்கு 7.5 வேண்டும். சோதனைப் பட்டையின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் "1 முதல் 3 வரை சரி" என்ற வண்ணக் கட்டத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு, எல்லாம் சரியாக இருந்தும் சுவரோரம் ஏன் வழுக்குகிறது என்பது கடைசிவரை புரியாது. புரியாதவரிடம் பாசிக்கொல்லி, தெளிவூட்டி, பாஸ்பேட் நீக்கி என்று வரிசையாக விற்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த அமிலம் எங்கிருந்து வந்து சேர்கிறது என்பதுதான் என்னை எரிச்சலூட்டுகிறது. மாத்திரையாக விற்கப்படும் குளோரின் பெரும்பாலும் ட்ரைகுளோர் என்ற சேர்மம். அது கரைந்து நீருக்கு 10 மில்லிகிராம் குளோரின் தரும்போது, கூடவே 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. தூளாக விற்கப்படும் டைகுளோரில் அது 9. நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் குளோரின் செலவாகும் குளத்தை மாத்திரையால் மட்டுமே பராமரித்தால், ஒரே மாதத்தில் 36 மில்லிகிராம் அமிலம் சேர்ந்துவிடும். குளோரின் அன்றன்றைக்குச் செலவாகிவிடுகிறது. அமிலம் அப்படியே தங்குகிறது. அது ஆவியாவதில்லை, வடிகட்டியில் சிக்குவதில்லை, வேறெதையும் ஊற்றி அதை எளிதில் முறிக்கவும் முடிவதில்லை. நீரை மாற்றுவதே நடைமுறையில் உள்ள ஒரே வழி. டப்பாவின் மேல் "வெயிலில் நிலைத்து நிற்கும் குளோரின்" என்பது ஒரு சிறப்பாகப் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தச் சிறப்பு மாதந்தோறும் சேர்ந்துகொண்டே போகும் என்ற வரியை நான் எந்த டப்பாவிலும் பார்த்ததில்லை.

இத்தனை முக்கியமான இந்த எண்ணை அளக்கும் சோதனையோ, குளத்து நீரைச் சோதிக்கும் கிட்டில் இருப்பவற்றிலேயே மட்டமானது. குளத்து நீரையும் வினைப்பொருளையும் சம அளவில் கலந்தால் பால்போல ஒரு கலங்கல் வரும். அடியில் கருப்புப் புள்ளி வைத்த குழாயில் அதைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி மறையும் இடத்தில் இருக்கும் கோடுதான் விடை. புள்ளி மறைந்ததா, மறைந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறதா என்பதே இங்கே வழக்கு. உற்றுப் பார்த்தால் இன்னும் தெரிவதுபோல இருக்கும். கண்ணை ஒருமுறை சிமிட்டினால் இல்லாததுபோல இருக்கும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயை இடுப்பளவு உயரத்தில் பிடித்துக்கொண்டு, போகிற போக்கில் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் அறிவுரை. நீர் குளிர்ந்திருந்தால் விடை மாறும். குழாயின் கோடுகளும் சம இடைவெளியில் இல்லை. 30-க்கும் 40-க்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருக்கும் அந்த அளவுகோல், கவலைப்பட வேண்டிய 80-க்கும் 100-க்கும் நடுவே மிகவும் நெருங்கிவிடுகிறது. அதற்கு மேல் போனால், மாதிரியில் பாதிக்குக் குழாய்நீர் கலந்து அளந்து, வந்த விடையை இரட்டிப்பாக்க வேண்டும். தவறும் கூடவே இரட்டிப்பாகும். என் வீட்டில் ஒரே குழாயை ஒருவர் 70 என்றும் மற்றவர் 90 என்றும் படித்ததுண்டு.

அதே பெட்டியில் இருக்கும் குளோரின் சொட்டுச் சோதனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. 10 மில்லிலிட்டர் நீரில் ஒரு சிறு கரண்டி தூளைப் போட்டதும் அது அடர்ந்த ரோஸ் நிறமாகிறது. குலுக்கிக்கொண்டே ஒவ்வொரு சொட்டாக வினைப்பொருளை விடவிட நிறம் வெளிறி, ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று தண்ணீர் நிறத்திற்குத் திரும்புகிறது. ஒரு சொட்டுக்கு 0.5 மில்லிகிராம். நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டியதில்லை, கண் பார்வையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பிறகு மூன்றாவது புட்டியிலிருந்து ஐந்து சொட்டு விட்டால், மீண்டும் ரோஸ் நிறம் வருகிறதா என்பதை வைத்து, வியர்வை போன்ற அழுக்கோடு சேர்ந்து வலுவிழந்த "இணைந்த குளோரின்" எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். குளத்தில் "குளோரின் வாடை" என்று நாம் மூக்கைப் பொத்திக்கொள்வது உண்மையில் இந்த இணைந்த குளோரினின் வாடைதான். வண்ணம் ஒப்பிடும் சாதாரணச் சோதனையில் குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறமே வெளுத்துப்போய், குளோரின் இல்லை என்று காட்டிவிடும். அதை நம்பி மேலும் குளோரின் கொட்டுபவர்கள் உண்டு. சொட்டுச் சோதனையில் அந்த ஏமாற்று இல்லை. பொழுது சாய்ந்த பின் ஒருமுறையும், விடிந்து வெயில் படுவதற்கு முன் ஒருமுறையும் அளந்து பார்த்து, இரவில் 1 மில்லிகிராமுக்கு மேல் குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத பாசி கிளம்புகிறது என்று முன்கூட்டியே கண்டுகொள்ள முடிவது, இத்தனை ஆண்டுகளில் எனக்கு அலுக்காத சந்தோஷம். என் குளம் பச்சையாக மாறாமல் தப்பியதெல்லாம் இந்தச் சோதனையின் தயவால்தான்.

மாத்திரைக்கு மாற்று, திரவ குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். 10 சதவீதக் கரைசலில் ஒரு லிட்டர் ஊற்றினால் 50,000 லிட்டர் குளத்தில் குளோரின் 2 மில்லிகிராம் கூடும். வேலை முடிந்த பின் கொஞ்சம் உப்பைத் தவிர வேறெதுவும் தங்குவதில்லை. ஆனால் கேனைத் தூக்க வேண்டும், ஆடையில் ஒரு துளி பட்டால் வெளுக்கும், வெப்பத்தில் வைத்தால் அதன் வீரியம் தானாகவே இறங்கிவிடும், ஏறக்குறைய நாள்தோறும் ஊற்றவும் வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு வாரம் மறந்துவிடலாம் என்ற வசதியை அது தராது. ஆகவே, பல வீடுகளுக்குப் போய்வர வேண்டிய பராமரிப்பாளர் மாத்திரையை நம்புவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அமிலத்தை ஒருமுறைகூட அளந்து பார்க்காமல் விட்டதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பாதி நீரை மாற்றுவது சொல்ல எளிது. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களில் குளத்தை முழுவதும் காலி செய்தால், கீழிருந்து வரும் அழுத்தம் தொட்டியையே தூக்கிவிடக்கூடும் என்பதால் ஓர் அளவுக்கு மேல் இறக்கவும் முடியாது. புதிய நீர் வந்ததும் அமிலம் மட்டும் பாதியாகிவிடவில்லை. பார்த்துப் பார்த்துச் சரிசெய்து வைத்திருந்த காரத்தன்மையும் கால்சியமும் சேர்ந்தே மாறிவிட்டன. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன்.

இப்போது என்னைக் கேட்டால், குளத்து நீரைச் சொந்தமாகப் பராமரிக்கும்படி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நீர் தெளிவாக இருக்கிறது, கண் எரிவதில்லை, பல ஆண்டுகளாகப் பாசி வந்ததில்லை, வேலையும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை, இவையெல்லாம் உண்மைதான். இருந்தாலும், ஒருமுறை பிறர் கையில் ஒப்படைத்தால் இப்படி ஆகும், ஒப்படைக்காவிட்டால் வெளியூர் போக முடியாது என்ற நிலையில் ஒருவர் வலியப் போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கேட்காமல் இறங்குபவர்கள், நிறப் பட்டைகளை விட்டுவிட்டுச் சொட்டுச் சோதனை உள்ள கிட்டையே வாங்குங்கள். வினைப்பொருள்களின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். நிரப்பப்போகும் நீரின் காரத்தன்மையையும் கால்சியத்தையும் முதலில் அளந்து எழுதி வையுங்கள். ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது. ட்ரைகுளோர் மாத்திரை இருந்த மிதவையில், குளோரின் தரும் இன்னொரு சேர்மமான கால்சியம் ஹைப்போகுளோரைட்டைப் போடக்கூடாது. அவை இரண்டும் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும் அபாயம் உண்டு. வெளியூர் போகும்போது மாத்திரை போடச் சொல்வதானால், எத்தனை மாத்திரை என்பதை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதி டப்பாவைப் பூட்டி வையுங்கள்.