முதல் பிறந்தநாள் பரிசு: உடையா, மரக்கட்டைகளா?

நண்பரின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் என்றதும் கை நீள்வது உடைப் பக்கம்தான். வாங்குவது எளிது, புகைப்படத்திலும் எடுப்பாகத் தெரியும். சங்கடம் என்னவென்றால், மற்றவர்களும் அதையே வாங்கி வருவார்கள். உடைதான் என்றால் 18 முதல் 24 மாத அளவில் எடுங்கள். உட்புறத் தையல் உறுத்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

மரக்கட்டைகளின் கதை வேறு. ஒரு வயதுக் குழந்தை பெரும்பாலும் அடுக்காது. நீங்கள் அடுக்கியதைத் தட்டிவிட்டுச் சிரிக்கும். ஒன்றின்மேல் ஒன்றை நிறுத்தவே பல குழந்தைகளுக்கு 15 மாதம் ஆகிவிடும். பிறகு கோபுரம், பாலம், வீடு என்று ஆண்டுக்கணக்கில் ஓடும். (இருட்டில் பெற்றோர் காலில் குத்துவது தனிக்கதை.) எல்லாம் வாய்க்குள் போகிற பருவம் என்பதால் கட்டை 4 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஓரம் மழுங்கியிருக்க வேண்டும், ஈரத்துணியால் துடைத்தால் சாயம் ஒட்டக் கூடாது. பாட்டுப் பாடும் பொம்மைகளில் பொத்தான் பேட்டரி இருந்தால் எனக்குப் பயம்தான்: விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

என் ஓட்டு கட்டைகளுக்கு. வீட்டில் மூத்த குழந்தையின் கட்டைகள் ஏற்கெனவே குவிந்து கிடந்தால் மட்டும் உடைக்கு மாறுவேன், அதுவும் அளவு மாற்றிக்கொள்ள வசதியாக ரசீதோடு.