சன்னபட்டணாவா, ஏட்டிகொப்பாகாவா, அம்பாசமுத்திரமா: சின்னப் பரிசுக்கு எந்த ஊர்க் கடைசல்?

தங்கை மகளுக்கு முதல் பிறந்தநாள். வருகிற நாற்பது பேர் கையிலும் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம், மரத்தில் சின்னதாகப் பார் என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். கடைசல், அதாவது மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவாக்கும் மரச்சாமான் என்றால் நம் பக்கத்தில் மூன்று ஊர்கள்: கர்நாடகத்தில் சன்னபட்டணா, ஆந்திராவில் ஏட்டிகொப்பாகா, நம்மூரில் அம்பாசமுத்திரம். மூன்றிலிருந்தும் மாதிரி வாங்கி, மேசையில் பரப்பி, ஒரு வாரம் உருட்டிப் பார்த்தேன்.

சன்னபட்டணாவுக்கும் ஏட்டிகொப்பாகாவுக்கும் மரம் ஒன்றுதான். கன்னடத்தில் ஆலே மரம், தெலுங்கில் அங்குடு கர்ரா. தமிழில் வெட்பாலை, தோல் நோய்க்கு இலையை எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைப்பார்களே, அதே மரம். தந்தம் போல வெளுத்த நிறம், நெருக்கமான இழை, உளிக்கு எளிதாக வசப்படும். பூச்சும் ஒன்றுதான்: அரக்கு. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால், உரசுகிற சூட்டில் இளகி மரத்தின் மேல் ஏறிக்கொள்ளும். அப்புறம் தாழை மடலை வைத்து அழுத்தித் தேய்த்தால் சமமாகப் பரவி மினுங்கும். ஆகவே 'எங்களுடையது மட்டும்தான் அசல் அரக்கு' என்று இரண்டில் எந்த ஊர் வியாபாரி சொன்னாலும் சிரித்துவிட்டு நகரலாம்.

வித்தியாசம் நிறத்தில் இருக்கிறது. சன்னபட்டணா நிறங்கள் பளிச்சென்று கண்ணைப் பிடிக்கும். சிவப்பு என்றால் சிவப்பு. ஏட்டிகொப்பாகாவில் சி.வி. ராஜு என்ற கைவினைஞர் முன்னின்று மஞ்சள், அவுரி, செம்மஞ்சள் நிறம் தரும் ஜாப்ரா விதை போன்றவற்றிலிருந்து எடுக்கும் இயற்கைச் சாயங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த நிறங்கள் அடங்கியவை. பழைய பட்டுப்புடவை நிறம் என்று என் அம்மா சொன்னாள், அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மஞ்சள் சாயம் வெயிலுக்கு வெளுக்கும். ஜன்னலோரத்தில் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்கு இது சரிவராது. ஏட்டிகொப்பாகா என்ற பெயரில் விற்பதெல்லாம் இயற்கைச் சாயம்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம், கேட்டு வாங்குங்கள்.

இனி நான் இந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். கடைசலுக்கு உருண்டை மட்டும்தான் தெரியும். மரம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்க, உளி ஓரிடத்தில் நிற்கிறது. அதில் பிறப்பது எல்லாமே வட்டம். யானை வேண்டுமென்றால் உடல் தனியாக, தலை தனியாக, நான்கு கால்களும் தனித்தனியாகக் கடைந்து, துளை போட்டு, பசை வைத்துச் செருக வேண்டும். விலை ஏறுவது மரத்தால் அல்ல, இந்த இணைப்புகளால். முதலில் உடைவதும் அதே இடத்தில்தான். மாதிரிக்கு வாங்கிய குதிரை வண்டியின் ஒரு சக்கரம் தங்கை மகளிடம் பத்து நிமிடம் தாங்கவில்லை. ஊரைச் சொல்லி யாரையும் குறை சொல்ல மாட்டேன், அது வண்டியின் குறை. அதே பட்டறையில் செய்த கிலுகிலுப்பை இன்னும் கல்லு போல இருக்கிறது.

இதே கணக்கு பூச்சைக் கண்டுபிடிக்கவும் உதவும். சுழலும்போது ஏறிய அரக்கு வளையமாகத்தான் இருக்க முடியும். பொம்மையின் மேல் பட்டை பட்டையாகச் சுற்றி வரும் நிறம் அரக்கு. கண், வாய், பூ, புள்ளி எல்லாம் பிறகு தூரிகையில் வைத்தவை. குழந்தை வாயில் வைக்கும் சாமான் என்றால் அந்தத் தூரிகை வண்ணம் என்ன என்று கேளுங்கள்; பதில் வராவிட்டால் கண் இல்லாத பொம்மையை வாங்குங்கள். ஒருமுறை ஒரு கண்காட்சியில் அரக்கு என்று சொல்லி என்னிடம் விற்ற பம்பரத்தில் நெடுக்காகக் கோடு ஓடியிருந்தது. அன்றைக்கு இது தெரியாது. ஒரு மாதத்தில் வண்ணம் செதில் செதிலாகக் கழன்றபோதுதான் தெரிந்தது.

சரி, அம்பாசமுத்திரம். தாமிரபரணிக் கரையில் இருக்கிற இந்த ஊருக்கு மரச்சொப்பு என்றால்தான் பெயர். உரல், உலக்கை, திருகை, பானை, மூடி, கரண்டி, மத்து, இட்லிச் சட்டி என்று ஒரு முழுச் சமையலறை கைக்குள் அடங்கிவிடும். யோசித்துப் பாருங்கள், நம் பழைய சமையலறையில் வட்டமில்லாதது என்ன இருந்தது? அம்மி ஒன்றுதான், அதையும் தனியாக அறுத்து இழைத்துவிடுகிறார்கள், குழவி மட்டும் கடைசலில் வரும். யானையைக் கடைசலுக்குள் திணிக்கிற பாடு சொப்பில் இல்லை. பானை எப்படிப் பானையாக இருக்கிறதோ அப்படியே ஒற்றை மரத்துண்டில் வருகிறது. ஒட்டு இல்லை, ஆணி இல்லை, கழல்வதற்கும் ஒன்றுமில்லை. ஏட்டிகொப்பாகாவிலும் இதே சாமான்கள் உண்டு, லக்கபிடதலு என்பார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்களுடைய மெருகு ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அம்பாசமுத்திரச் சொப்பில் மரமும் பூச்சும் பட்டறைக்குப் பட்டறை மாறும். என் மாதிரியில் இருந்த திருகையின் அடியில் உளித்தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஆனால் அந்தத் திருகை உண்மையாகவே சுற்றியது. அம்மா அதில் நாலு அரிசியைப் போட்டுப் பார்த்தாள்.

சொப்பில் ஒரே சிக்கல் அளவு. மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குச் சின்னஞ்சிறு உலக்கை ஆபத்து. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டைக்குள் போகலாம் என்று கணக்கு. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் பதிவு பெற்ற கைவினைஞர்களின் சாமான்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. சன்னபட்டணாவுக்கும் ஏட்டிகொப்பாகாவுக்கும் அந்தக் குறியீடு இருக்கிறது. அதாவது முத்திரை இல்லை என்பதால் பொம்மை மோசமில்லை. அதற்காக யாரோ சோதித்துத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று நீங்கள் அசந்திருக்கவும் முடியாது.

கைக்குழந்தைக்கான சாமானில் சன்னபட்டணாவை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்துத் தொடங்கிவைத்த தொழில் என்று அங்கே சொல்வார்கள். இன்று அந்த ஊர் கிலுகிலுப்பை, வளைய அடுக்கு, கையடக்க உருளை என்று குழந்தைக் கைக்கு ஏற்ற அளவுகளில் தேறிவிட்டது. ஓரம் எங்கும் கூர் இல்லை. ஒரே மாதிரி நாற்பது வேண்டுமென்றாலும் சலிக்காமல் வரும், விசைக் கடைசல் பழகிய ஊர். நேரில் போகிறவர்கள் கவனிக்க: பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், பொம்மைக் கடைகளுக்குப் பழைய சாலையில் இறங்க வேண்டும். ரயிலில் போனால் இந்தத் தொல்லை இல்லை.

பெரியவர்களுக்கு என்றால் நான் யோசிக்காமல் ஏட்டிகொப்பாகாவின் குங்குமச் சிமிழைச் சொல்வேன். உள்ளே குடைந்து, மூடி அளவாக உட்காரும்படி கடைவது லேசான வேலை இல்லை. திறக்கும்போது மெல்ல ஒரு காற்றுச் சத்தம் வர வேண்டும். நான் வாங்கிய நான்கில் மூன்றில் வந்தது.

கடைசியில் கைக்குழந்தை இருக்கிற ஆறு வீடுகளுக்குச் சன்னபட்டணா வளைய அடுக்கு, தாத்தா பாட்டிகளுக்குச் சிமிழ், மற்ற எல்லாருக்கும் அம்பாசமுத்திரச் சொப்பு என்று முடிவானது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டு எழுதி வைத்தோம்: வெந்நீரில் கழுவாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும், சானிடைசர் போடவே போடாதீர்கள், அரக்கு ஆல்கஹாலில் கரையும். சீட்டைப் படிக்காத சித்தப்பா அன்று மாலையே சிமிழைச் சானிடைசரால் துடைத்துவிட்டு, கையெல்லாம் மஞ்சளாக வந்து நின்றார்.