நான்கு பொத்தான்களும் ஒரு பந்தும்: டிராக்பாலோடு நான்கு ஆண்டுகள்

நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் புத்தகப் பக்கங்களை வடிவமைப்பதும், மெய்ப்புத் திருத்தங்களைக் கோப்பில் ஏற்றுவதும் என் வேலை. விசைப்பலகையில் கை இருக்கும் நேரத்தைவிட மவுஸில் இருக்கும் நேரமே அதிகம். நான்கு ஆண்டுகளாகக் கென்சிங்டன் நிறுவனத்தின் ‘எக்ஸ்பர்ட் மவுஸ்’ என்னும் கருவியைப் பயன்படுத்தி வருகிறேன். பெயரில் மவுஸ் என்று இருந்தாலும் அது டிராக்பால்தான்; அதாவது, கருவியை நகர்த்தாமல், அதில் பதித்திருக்கும் பந்தை விரலால் உருட்டிக் கர்சரை நகர்த்தும் கருவி. அதற்கு முன் வேறு இரண்டு கருவிகளை வாங்கி, இரண்டையும் கைவிட நேர்ந்தது. எத்தனை பொத்தான்கள் இருக்கின்றன என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த விரல் நாள் முழுவதும் உழைக்கப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அந்த இரண்டும்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

முதலில் வாங்கியது, கணினி விளையாட்டு ஆடுவோருக்காகச் செய்யப்பட்ட 12 பக்கவாட்டுப் பொத்தான்கள் கொண்ட மவுஸ். தலைப்பு, உள்தலைப்பு, மேற்கோள், அடிக்குறிப்பு என ஒவ்வொரு பத்தி வடிவத்துக்கும் ஒரு பொத்தானை ஒதுக்கிவிட்டால் வேலை பறக்கும் என்று நம்பினேன். ஆனால் மவுஸைப் பிடித்திருக்க வேண்டியதும் கட்டைவிரல், அந்தப் பன்னிரண்டையும் அழுத்த வேண்டியதும் அதே கட்டைவிரல். பொத்தானைப் பக்கவாட்டில் அழுத்தும்போது மவுஸே சற்று நகர்ந்து, வைத்த இடத்திலிருந்து கர்சர் விலகிவிடும். ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது, கண்ணால் பார்க்காமல் என் விரல் சரியாகக் கண்டுபிடித்தவை நான்கே நான்கு.

இன்னொன்றையும் அப்போது நான் அறிந்திருக்கவில்லை. விண்டோஸ் தானாகப் புரிந்துகொள்வது ஐந்து பொத்தான்களைத்தான். அதற்கு மேற்பட்டவை தயாரிப்பாளரின் மென்பொருளையோ, கருவிக்குள் இருக்கும் நினைவகத்தையோ நம்பியே இயங்குகின்றன. ஒரு முறை அச்சகத்துக்குப் போய் அங்கிருக்கும் கணினியில் கடைசி நேரத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. புதிய மென்பொருள் எதையும் நிறுவ அங்கே அனுமதி இல்லாததால், நான் அமைத்து வைத்திருந்த எதுவுமே அன்று வேலை செய்யவில்லை. வெவ்வேறு கணினிகளில் வேலை செய்பவர்கள், அமைப்புகள் கருவியின் உள்ளேயே சேமிக்கப்படுகின்றனவா என்று விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. ஒன்றரை ஆண்டில், ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக அந்த மவுஸ் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. உள்ளிருக்கும் சிறு சுவிட்சின் உலோகத் தொடுமுனை தேய்ந்தால் வரும் கோளாறு இது.

அடுத்து வாங்கியது கட்டைவிரலால் உருட்டும் டிராக்பால். மணிக்கட்டு அசையாததால் முன்பிருந்த வலி இரண்டே வாரத்தில் குறைந்தது, மகிழ்ந்துபோனேன். ஐந்தாவது மாதம் கட்டைவிரலின் அடிமூட்டில் வலி தொடங்கி, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகவும் இயலாத அளவுக்கு வளர்ந்தது. இந்த வகையைப் பல ஆண்டுகள் சுகமாகப் பயன்படுத்துபவர்கள் பலர் இருக்கிறார்கள். கர்சரை அவ்வப்போது மட்டும் நகர்த்தும் வேலைக்கு அது மிகப் பொருத்தமானது. பக்கத்துக்கு முப்பது இடங்களில் வரியைத் தேர்ந்தெடுத்து இழுக்கும் என் வேலைக்கு, அவ்வளவு சுமையையும் ஒரே விரலின் மேல் ஏற்றியது பொருந்தவில்லை.

இப்போதைய கருவியில் 55 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து நடுவில் இருக்கிறது. அதைச் சுற்றி ஸ்க்ரோல் செய்வதற்கான வளையம். நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு பெரிய பொத்தான். சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் பந்தின் மேல் படிகின்றன. கீழ் இடப் பொத்தானைக் கட்டைவிரலும், கீழ் வலப் பொத்தானைச் சுண்டுவிரலும் பார்த்துக்கொள்கின்றன. ஒரு விரல் களைத்தால் அடுத்த விரல் பந்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதே எனக்கு இதன் பெரும் பலன்.

எட்டுப் புள்ளி அளவுள்ள சிறிய எழுத்தில் அமைந்த அடிக்குறிப்பில் ஒரு காற்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மவுஸில், பிடித்திருக்கும் கையே நகரவும் வேண்டும், அழுத்திக்கொண்டிருக்கவும் வேண்டும். விடும் கணத்தில் கை துள்ளினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்துவிடும். இங்கே கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடி அசையாமல் இருக்க, நடுவிரல் நுனி பந்தை ஒரு மயிரிழை உருட்டினால் போதும். தொடக்கத்தில் இரண்டு வாரம் இதே செயல்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. விண்டோஸின் மவுஸ் அமைப்பில் உள்ள கிளிக்லாக் வசதி அப்போது கைகொடுத்தது: பொத்தானைச் சற்று நேரம் அழுத்திவிட்டு விட்டால் அது அழுத்திய நிலையிலேயே நிற்கும். பழகிய பின் அதை நிறுத்திவிட்டேன். தொலைவாகப் போக வேண்டுமானால் பந்தைச் சுண்டிவிடலாம். கனமான பந்து என்பதால் தானே உருண்டு, கர்சரை இரண்டாவது திரைவரை கொண்டுசெல்லும்.

நான்கு பொத்தான்கள் குறைவு என்று தோன்றலாம். நிறுவனம் தரும் மென்பொருளில், மேல் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு செயல், கீழ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மற்றொரு செயல் என்று வைத்துக்கொள்ளலாம் என்பதால் உண்மையில் ஆறு கிடைக்கின்றன. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி அமைப்பும் உண்டு: பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் மேல் இடது ‘செய்ததை மீட்டல்’, உலாவியில் அதே பொத்தான் ‘முந்தைய பக்கம்’. இந்த ஆறையும் என் விரல்கள் நினைக்காமலே அறியும்.

பந்தை உருட்டிக் குறியை நகர்த்துவது நேற்று வந்த புதுமையும் அல்ல. மவுஸை உருவாக்கிய டக்ளஸ் எங்கல்பார்ட் 1968இல் அதைப் பொதுமேடையில் காட்டுவதற்கு முன்பே, 1952இல் கனடா கடற்படையின் டேட்டார் என்னும் கணினித் திட்டத்தில், பௌலிங் ஆட்டத்தின் உருட்டுப் பந்தை வைத்தே டிராக்பால் செய்திருந்தார்கள். கருவி நகராமல் பந்து மட்டும் உருள்வதன் அருமை, மெய்ப்புத் தாள்கள் பரப்பிய என் குறுகலான மேசையில் நாள்தோறும் தெரிகிறது.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பந்து மூன்று சிறிய தாங்குமுனைகளின் மேல் நிற்கிறது. விரல் பிசுக்கும் தூசியும் அங்கேதான் சேரும். பந்தில் லேசான தயக்கம் தெரிந்ததும் அதைக் கையால் வெளியே எடுத்து, மூன்று முனைகளிலும் சாம்பல் நிறத்தில் திரண்டிருக்கும் அழுக்கைப் பஞ்சுக்குச்சியால் எடுத்துவிடுவேன். வாரம் ஒரு முறை, ஒரே நிமிடம். பந்தை ஈரத்துணியால் துடைத்த அன்று அது சற்று இறுக்கமாகவே உருளும். உள்ளங்கையில் வைத்து நன்றாக உருட்டி, தோலின் எண்ணெய்ப்பசை ஏறிய பிறகு பழைய வழுக்கு வந்துவிடும். டிராக்பால் எதுவானாலும் இந்தச் சிறு வேலை உண்டு. செய்ய மனமில்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

கருவி உயரமாக இருப்பதால், மேசை உயர்ந்திருந்தால் மணிக்கட்டு பின்னோக்கி வளையும். நான் நாற்காலியை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொண்டேன். இரு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடக்கைக்கும் பொருந்தும். பொத்தான்களை மென்பொருளில் இடம் மாற்றிவிட்டு, பிற்பகலில் இரண்டு மணி நேரம் இடக்கையால் உருட்டுகிறேன். துல்லியம் குறைவுதான், ஆனால் படிப்பதற்கும் பக்கம் நகர்த்துவதற்கும் தாராளமாகப் போதும்.

என் இருக்கையில் வந்து உட்காரும் சக ஊழியர்கள் பந்தைக் கண்டதும் தயங்குகிறார்கள். அவர்களுக்காகச் சாதாரண இரு பொத்தான் மவுஸ் ஒன்றையும் அதே கணினியில் செருகி வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்குவதால் எதையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை.