ஒரே லோடா, பிஸ்டலுக்கு ஒரு லோடா? 9 எம்எம் ரீலோடிங்ல எது பாதுகாப்பு

அமெரிக்கால ரெகுலரா ரேஞ்சுக்கு போறவங்க வீட்ல 9 எம்எம் பிஸ்டல் ஒன்னோட நிக்கிறது அபூர்வம். முதல்ல ஒரு கிளாக் 17 வரும், அப்புறம் மேட்ச் ஆடணும்னு ஒரு சிஇசட் ஷேடோ 2, நடுவுல பழசு ஒன்னு சல்லிசா கிடைச்சுதுன்னு ஒரு பெரெட்டா 92. சுட்ட பிராஸை, அதாவது காலி பித்தளை கேஸை, பொறுக்கிட்டு வந்து வீட்லயே தோட்டா லோட் பண்ண ஆரம்பிச்ச உடனே வர்ற கேள்வி இதுதான், மூணுக்கும் சேர்த்து ஒரே லோட் (எந்த புல்லட், எந்த பவுடர் எவ்வளவு, தோட்டா எவ்வளவு நீளம்ங்கற செய்முறை) போடறதா இல்ல ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா போடறதா. ரெண்டுக்கும் ஆள் இருக்காங்க, ரெண்டு பக்கமும் நியாயமும் இருக்கு. ஆனா பாதுகாப்புன்னு மட்டும் வச்சு பாத்தா என் ஓட்டு ஒரே லோடுக்குத்தான், ஏன்னு சொல்றேன்.

அதுக்கு முன்னாடி சட்டம் பத்தி ஒரு வரி. அமெரிக்கால சொந்த உபயோகத்துக்கு லோட் பண்ண ஃபெடரல் லைசென்ஸ் வேண்டாம், விக்கணும்னா வேணும். இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறதே குற்றம். ஊர்ல இருந்து படிக்கிறவங்க சும்மா தெரிஞ்சுக்க படிங்க, அவ்ளோதான்.

9 எம்எம்னா எல்லாம் ஒரே அளவு தானே, எஸ்ஏஏஎம்ஐன்னு அமெரிக்க துப்பாக்கி, தோட்டா கம்பெனிகளோட சங்கம் வச்ச ஸ்டாண்டர்டு இருக்கே, மொத்த நீளம் அதிகபட்சம் 1.169 அங்குலம்னு போட்டிருக்கே, அதுக்குள்ள இருந்தா எல்லா பிஸ்டல்லயும் ஓடணும்லன்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. ஓடாது. தோட்டா உக்கார்ற சேம்பர் முடிஞ்சு, பேரலுக்குள்ள சுருளா ஓடற பள்ளமான ரைஃபிளிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி புல்லட் மூக்குக்குன்னு கொஞ்சம் வெறும் இடம் இருக்கும், அதை த்ரோட்னு சொல்லுவாங்க, அந்த இடம் கம்பெனிக்கு கம்பெனி மாறும். பெரெட்டாவும் கிளாக்கும் இதுல பொதுவா தாராளம். சிஇசட் ரொம்ப கஞ்சம். கிளாக்ல சிரிச்சுக்கிட்டே உள்ள போற தோட்டா ஷேடோ 2ல ரைஃபிளிங்ல போய் முட்டிக்கிட்டு நிக்கும், ஸ்லைடு முழுசா மூடாது. சரி வெளிய எடுத்துரலாம்னு ஸ்லைடை இழுத்தா சில சமயம் புல்லட் பேரல்லயே மாட்டிக்கிட்டு வெறும் கேஸ் மட்டும் கையோட வரும், பவுடர் பூரா ட்ரிகர் மெக்கானிசத்துக்குள்ள கொட்டிரும். மேட்ச் நடுவுல இது ஆச்சுன்னா அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது.

இதுல புல்லட்டோட நீளத்தை விட மூக்கோட வடிவம் தான் முக்கியம். ஒரே 124 கிரெய்ன் (புல்லட் எடைக்கான அளவு) ரவுண்ட் நோஸ்தான், ஆனா ஒரு கம்பெனி மூக்கு ஒல்லியா கூரா இருக்கும், இன்னொன்னு தோள் அகலமா குண்டா இருக்கும். குண்டு மூக்கு, அதுவும் மேல கோட்டிங் போட்ட ஈய புல்லட், சிஇசட்ல 1.10 அங்குலத்துக்கும் கீழ உக்கார வேண்டி வரலாம், ஒல்லி மூக்கு அதே பேரல்ல அதை விட நீளமா இருந்தாலும் போயிரும். அதனால அடுத்தவன் 'எனக்கு 1.13 ஓடுது'ன்னு சொன்னா அந்த நம்பரால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. பவுடரும், அதை பத்த வைக்கிற பிரைமரும் இல்லாம ஒரு டம்மி பண்ணுங்க, பேரலை கழட்டி கையில வச்சு உள்ள போடுங்க. 'டொக்'னு விழணும், விரலால சுத்துனா தடையில்லாம சுத்தணும், பேரலை கவுத்தா தானா கீழ விழணும். இந்த பிளங்க் டெஸ்டை உங்க கிட்ட இருக்கிற ஒவ்வொரு பேரல்லயும் பண்ணணும், ஒரே மாடல்ல ரெண்டு பிஸ்டல் இருந்தாலும் ரெண்டுலயும் தனித்தனியா.

ஒரே லோடுன்னு முடிவு பண்ணா நீளத்தை தீர்மானிக்கிறது இருக்கிறதுலயே இறுக்கமான பேரல் தான். நாலு வீட்டு வாசல்லயும் நுழையற மாதிரி கட்டில் வாங்கணும்னா எந்த வாசல் சின்னதோ அதைத்தானே அளப்போம், அந்த கணக்கு. இங்க தான் ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. 9 எம்எம் கேஸ் ரொம்ப சின்னது, புல்லட்டை கொஞ்சம் ஆழமா உக்கார வச்சாலே உள்ள இருக்கிற இடம் சுருங்கும், அதே பவுடருக்கு பிரஷர் சட்டுனு ஏறும். எஸ்ஏஏஎம்ஐ லிமிட் 35,000 பிஎஸ்ஐ, பிளஸ் பிங்கற அதிக பிரஷர் தோட்டாவுக்கே 38,500 தான், நடுவுல பெரிய இடைவெளி ஒன்னும் இல்ல. பவுடர் கம்பெனி டேட்டா ஒரு நீளத்துக்கு போட்டிருப்பாங்க, சிஇசட்டுக்காக அதை விட குட்டையா போறீங்கன்னா அவங்க போட்ட அதிகபட்ச அளவு உங்களுக்கு இனிமே அதிகபட்சம் இல்ல. ஆரம்ப அளவுல இருந்து, கொஞ்சம் கொஞ்சமா, குரோனோகிராஃப் வச்சு வேகம் பாத்துக்கிட்டே ஏறணும், எதிர்பாத்ததை விட வேகம் வந்தா அங்கயே நிறுத்தணும்.

தனித்தனி லோட் ஆளுங்க இந்த இடத்துல தான் மடக்குவாங்க, 'சிஇசட்டுக்காக கிளாக் ஏன் கஷ்டப்படணும், பெரெட்டாவுல நீளமா வச்சா குரூப் நல்லா வருதே'ன்னு. குரூப், அதாவது ஓட்டைகள் விழற வட்டம், சின்னதாகுறது உண்மை தான், 25 கஜத்துல ரெஸ்ட் வச்சு சுட்டா வித்தியாசம் தெரியலாம். கையில பிடிச்சு ஸ்டீல் பிளேட் அடிக்கிறவனுக்கு அது தெரியுமான்னு கேட்டா எனக்கு சந்தேகம் தான். ஆனா நஷ்டம் பெருசு. மூணு லோட்னா மூணு பெட்டி, மூணு லேபிள், மூணு தடவை டை செட்டிங், பவுடர் மெஷர் செட்டிங், ஒவ்வொரு மாத்தத்துலயும் ஒன்னை மறக்கறதுக்கு ஒரு வாய்ப்பு. நீளமா போட்ட பெரெட்டா தோட்டா ஷேடோ மேகசின்ல கலந்தா மேல சொன்ன கூத்து. அதுவாவது மாட்டிக்கிட்டு நிக்கும், சேதம் கம்மி. பிரஷர் அதிகமா போட்டது கலந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

இதுக்கு நல்ல உதாரணம், அமெரிக்கால பிராக்டிகல் ஷூட்டிங் போட்டி நடத்தற யூஎஸ்பிஎஸ்ஏவோட ஓப்பன் டிவிஷன்ல ஓடற 9 மேஜர். அங்க மேஜர் ஸ்கோர் வாங்க பவர் ஃபேக்டர் 165 வேணும், புல்லட் எடையை கிரெய்ன்ல எடுத்து வேகத்தால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா வர்ற நம்பர் அது. 124 கிரெய்ன் புல்லட்டை நொடிக்கு 1,050 அடியில விட்டா 130 தான் வருது, மைனருக்கு 125 போதும்ங்கறதால அது தாராளமா பாஸ். 165 வரணும்னா எஸ்ஏஏஎம்ஐ பிரஷரை நல்லா தாண்டி போகணும், உதைப்பை குறைக்கிற காம்பன்சேட்டர் வச்சு அதுக்குன்னே கட்டின துப்பாக்கில தான் அது ஓடும். வெளியில இருந்து பாத்தா அதுவும் சாதா 9 எம்எம் தோட்டா மாதிரியே இருக்கும். அது ஒரு குட்டி கேரி பிஸ்டல்ல போச்சுன்னா நினைக்கவே பயமா இருக்கு. பழைய .45 கோல்ட் தோட்டாலயும் இதே கதை, அதோட லிமிட் வெறும் 14,000 பிஎஸ்ஐ, ஆனா ரூகர் பிளாக்ஹாக் மாதிரி கெட்டியான ரிவால்வருக்குன்னு லோட் டேட்டால தனி பக்கமே இருக்கும், அந்த தோட்டா பழைய கோல்ட் ரிவால்வரான சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியிலயும் ஜம்முனு உள்ள போயிரும். உள்ள போகுதுங்கறதுக்காக தாங்கும்னு அர்த்தம் இல்ல. .38 ஸ்பெஷல், .357 மேக்னம் ஜோடில மட்டும் அந்த காலத்துலயே யோசிச்சு கேஸை 0.135 அங்குலம் நீளமாக்கி வச்சாங்க, அதனால மேக்னம் தோட்டா .38 சிலிண்டர்ல போகாது. நம்ம 9 எம்எம்ல அந்த மாதிரி வேலி எதுவும் கிடையாது.

ஒரே லோடுக்கு குறையே இல்லன்னு சொல்லல. மேட்ச் பிஸ்டலுக்கு மெல்லிசா ஸ்பிரிங் போட்டு அதுக்கு ஏத்த மாதிரி சாஃப்டா லோட் பண்ணா, கெட்டி ஸ்பிரிங் இருக்கிற குட்டி பிஸ்டல்ல ஸ்லைடு முழுசா பின்னாடி போகாம ஜாம் ஆகும். அப்ப ஒரே லோட்ங்கறது ரொம்ப சாஃப்டா இருக்க முடியாது, நடுத்தரமா தான் இருக்கணும், எல்லா பிஸ்டல்லயும் ஒவ்வொரு மேகசினாவது ஓட்டி பாத்துட்டு தான் மொத்தமா போடணும். சின்ன பேரல்ல வேகம் குறையும்ங்கறதையும் கணக்குல வைங்க, கிளாக் 17 பேரல் 4.49 அங்குலம், பெரெட்டா 4.9. பவர் ஃபேக்டர் பாக்கறீங்கன்னா மேட்ச்ல எதை எடுத்துட்டு போறீங்களோ அதுல அளங்க.

புல்லட் விஷயத்துல இழுக்க வேண்டாம். வெறும் ஈயம் கிளாக் பேரலுக்கு வேண்டாம்னு அந்த கம்பெனியே சொல்லுது, அங்கயே அது அவுட். காப்பர் ஜாக்கெட் எல்லாத்துலயும் ஓடும், விலை தான் வலிக்கும். பாலிமர் கோட்டிங் போட்ட ஈயம் சல்லிசு, ஆனா 0.356 அங்குலம்னு ஒரு நூல் தடிமனா வரும், கேஸ் வாயை சரியா விரிக்கலன்னா கோட்டிங் சீவிக்கிட்டு போயிரும், குண்டு மூக்கா இருந்தா சிஇசட்ல அடம் பிடிக்கும். ஈயத்து மேல மெல்லிசா காப்பர் முலாம் போட்ட பிளேட்டட் நடுவுல நிக்குது. எனக்கு பல பேரலுக்கு ஒரே லோடுன்னா ஒல்லி மூக்கு ஜாக்கெட் 124 தான் நிம்மதி.

பவுடர்ல தான் கொஞ்சம் நின்னு பேசணும். டைட்குரூப் மாதிரி அடர்த்தியான வேகமான பவுடர் ஒரு தோட்டாவுக்கு ரொம்ப கொஞ்சமா போதும், ஒரு டப்பா பல மாசம் வரும், அதனால எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. அதோட ஆபத்தும் அதேதான், கொஞ்சமா இருக்கிறதால ரெண்டு தடவை விழுந்தாலும் 9 எம்எம் கேஸ்ல வழியாம உக்காந்துரும், மேல புல்லட் வச்சுட்டா அப்புறம் யாருக்கும் தெரியாது. அதிகபட்ச அளவுக்கு பக்கத்துல அதுக்கு பொறுமையும் கிடையாது, சின்ன மாத்தத்துக்கே பிரஷர் எகிறும். யுனிக் மாதிரி பருமனான பவுடர் கேஸை நல்லா நிரப்பும், ரெண்டு தடவை விழுந்தா வழிஞ்சு தானே காட்டிக் கொடுத்துரும். ஆனா செதில் செதிலா இருக்கிறதால மெஷர்ல சீரா விழாது, தூசியும் புகையும் கொஞ்சம் ஜாஸ்தி. பணம் மிச்சமா, டபுள் சார்ஜ் கண்ணுல படறதான்னா நான் ரெண்டாவதை தான் எடுப்பேன்.

டபுள் சார்ஜுக்கு நேர் எதிர் ஸ்குவிப், அதாவது பவுடரே விழாத தோட்டா. பிரைமர் மட்டும் வெடிச்சு புல்லட்டை பேரல் பாதியில கொண்டு போய் நிறுத்திரும், சத்தம் 'பொத்'துனு வரும். அப்ப நிறுத்தாம தட்டி ஸ்லைடை இழுத்து அடுத்ததை சுட்டா பேரல் வீங்கும், இல்ல வெடிக்கும். வேகமா சுடறவங்களுக்கு தான் இது அதிக ஆபத்து, கை பழக்கத்துல தட்டி இழுத்துரும்.

தோட்டா லோட் பண்ற மெஷினான பிரஸ்ல எதுன்னு கேட்டா சிங்கிள் ஸ்டேஜ்ல அம்பது கேஸ்ல பவுடர் போட்டு டிரேல வரிசையா நிறுத்தி டார்ச் அடிச்சு எல்லாத்தையும் ஒரே பார்வையில பாக்கலாம், தப்பு ஒன்னு இருந்தா பல் விழுந்த மாதிரி தெரியும். டில்லன் எக்ஸ்எல் 750 மாதிரி தானா சுத்தற ப்ரோக்ரெசிவ்ல வேகம் பல மடங்கு, மூணாவது ஸ்டேஷன்ல பவுடர் செக்கும் வச்சுக்கலாம், ஆனா நடுவுல எதாவது சிக்கி லீவரை பாதியில மேலயும் கீழயும் ஆட்டினா தான் வம்பு ஆரம்பிக்குது, சிக்கின உடனே அந்த ஷெல் பிளேட்ல இருக்கிற எல்லா கேஸையும் வெளிய எடுத்துரணும். டில்லன் 550 கையால சுத்தறது, சுத்த மறந்தா ஒரே கேஸ்ல ரெண்டு தடவை பவுடர். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு லீ டரெட் மாதிரி நடுத்தரம் போதும்.

பல பிஸ்டல் வச்சிருக்கிறவங்க மறக்கிற இன்னொரு விஷயம் பிராஸ். கிளாக் சேம்பர் கொஞ்சம் லூசு, சுட்ட கேஸ் அடிப்பக்கம் வீங்கி வரும், கேஸை பழைய அளவுக்கு அழுத்தற சைஸிங் டை, கேஸ் அடியை பிடிக்கிற ஷெல் ஹோல்டர் வரைக்கும் தான் இறங்கும், அதுக்கு கீழ வீக்கம் அப்படியே நிக்கும். அதே கேஸ் திரும்ப கிளாக்ல போகும், இறுக்கமான மேட்ச் பேரல்ல போகாது. ரேஞ்சுல பொறுக்கினதுல .380 கேஸும் கலந்து வரும், அது குட்டை, 9 எம்எம் கேஸ் வாயை வச்சுத்தான் சேம்பர்ல நிக்கிறதால நீளம் குறைஞ்சா சிக்கல். கேஸ் வாயை இறுக்கற கிரிம்ப், டேப்பர் கிரிம்ப் தான், விரிச்ச வாயை நேராக்குற அளவுக்கு மட்டும், வாய் கிட்ட 0.380 அங்குலத்துக்கு மேல போகக்கூடாது. ரொம்ப அழுத்தினா புல்லட் பிடி தளர்ந்து, ஃபீட் ஆகும்போது ரேம்ப்ல இடிச்சு உள்ள போயிரும், திரும்ப பிரஷர் கதை. முடிச்ச தோட்டாவை பெருவிரலால டேபிள் ஓரத்துல அழுத்தி பாருங்க, நீளம் மாறுச்சுன்னா அந்த செட்டிங் சரியில்ல.

தற்காப்புக்கு கேரி பண்றதுல மட்டும் நான் வீட்டு லோட் போட மாட்டேன், கடையில வாங்கின ஃபேக்டரி தோட்டா தான், இதுல பேரம் கிடையாது.

இவ்ளோ சொல்லியும் ரெண்டாவது லோட் வேணும்தான்னா ஒரு வழி இருக்கு. எடையும் நிறமும் ரெண்டும் மாறணும், எல்லாத்துக்கும் ஜாக்கெட் 124, ஷேடோவுக்கு மட்டும் சிவப்பு கோட்டிங் 147ன்னு, தூரத்துல இருந்தே கண்ணுக்கு தெரியற மாதிரி. அந்த 147ம் அந்த வீட்ல இருக்கிற எல்லா பேரல்லயும் பிளங்க் டெஸ்ட் பாஸாகி, பிரஷரும் சாதா 9 எம்எம் லிமிட்டுக்குள்ள இருக்கணும், தப்பி மாறிப் போனாலும் ஒன்னும் ஆகக்கூடாது. ஒவ்வொரு பெட்டி மேலயும் தேதி, புல்லட், பவுடர் பேரு, அளவு, நீளம் எழுதணும், ஒரு நேரத்துல பெஞ்ச் மேல ஒரு பவுடர் டப்பா தான். லேபிள் இல்லாத பெட்டி, ரேஞ்சுல யாரோ அன்பா குடுத்த தோட்டா, இதெல்லாம் சுடறதுக்கு இல்ல. சுத்தியல் மாதிரி இருக்கிற புல்லர்ல தட்டி பிரிச்சு புல்லட்டையும் கேஸையும் வச்சுக்கோங்க, பவுடரை திரும்ப டப்பால ஊத்தாம புல்லுல தூவி விட்டுருங்க.