ஒழுகும் ஹீட்டர் காயில்: பொடி போடுவதா, ஓரங்கட்டுவதா, மாற்றுவதா?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியாறு தாண்டியதும் எங்கள் பழைய மாருதி எஸ்டீம் காரின் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு படலம் படர்ந்தது. துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எண்ணெய் தடவினாற்போல் இழுபட்டது. கூடவே ஒரு இனிப்பு வாடை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, "யார்றா வண்டிக்குள்ள வெல்லப்பாகு காய்ச்சறது?" என்று கேட்டுவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். கீழே கார்பெட் சொதசொதவென்று நனைந்திருந்தது.

ஹீட்டர் காயில் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். என்ஜினிலிருந்து இரண்டு ஹோஸ், என்ஜினுக்கும் நமக்கும் நடுவிலிருக்கும் தடுப்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். ஒன்றில் சுடச்சுடக் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், வரும், மற்றதில் திரும்பிப் போகும். புளோயர் அதன் ஊடே காற்றடித்தால் நமக்கு வெதுவெதுப்பு. பொருள் என்னவோ ஒரு தடித்த நோட்டுப்புத்தகம் அளவுதான். ஆனால் பெரும்பாலான பழைய கார்களில் டேஷ்போர்டை முழுசாக இறக்கினால்தான் அதன்மேல் கை படும். ஒரு நாள் வேலை, பழக்கமில்லாதவருக்கு இரண்டு நாள். கூலி காயில் விலையைத் தாண்டிவிடும். அதனால் இதற்குச் சொல்லப்படும் எந்த வைத்தியத்தையும் நான் ஒரே கேள்வியால்தான் எடை போடுகிறேன்: இதை நம்பினால் டேஷ்போர்டை இன்னொரு தடவை கழற்ற வேண்டி வருமா?

முதலில், ஒழுகுவது அதுதானா?

நம் ஊரில் கார்பெட் நனைவதற்கு முதல் காரணம் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொள்வது. அது வெறும் தண்ணீர், தொட்டால் கையில் ஒன்றும் ஒட்டாது. கூலன்ட் விரலில் பிசுபிசுக்கும், வெள்ளைத் துணியால் ஒற்றினால் பச்சையோ சிவப்போ சாயம் காட்டும். ருசி பார்க்க வேண்டாம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், அதே அளவுக்கு நஞ்சு. வீட்டில் நாய், பூனை இருந்தால் சொட்டியதை உடனே கழுவிவிடுங்கள்.

கூலன்ட்தான் என்று தெரிந்த பிறகும் காயிலைக் குற்றவாளியாக்க அவசரப்படக் கூடாது. ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம், குழாய் சேருமிடத்து ரப்பர் வளையம் (ஓ-ரிங்) காய்ந்திருக்கலாம், ஹீட்டர் வால்வு இருக்கும் வண்டியென்றால் அது கசியலாம். இவையெல்லாம் சில்லறை வேலை. காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த மறு நிமிடமே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக விறைத்தால் சந்தேகம் ஹெட் கேஸ்கட், அதாவது என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, பக்கம் திரும்ப வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் வெடிக்கும்.

பொடி போட்டு அடைப்பது

மலிவான வழி. பாட்டிலில் விற்கும் அடைப்பு மருந்தை ரேடியேட்டரில் ஊற்றினால், ஓட்டை இருக்குமிடத்தில் துகள்கள் சேர்ந்து இறுகிக்கொள்ளும். இதற்கு லாரிக்காரர்களின் கைவைத்தியம் மஞ்சள்தூள். நடுராத்திரியில் கணவாய் ஏறும்போது ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பொட்டலத்தைத் தட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தவர்கள் நிறைய. நானும் கேட்டேன். எங்கள் மெக்கானிக் சிரித்தார்: "தம்பி, மஞ்சத்தூளுக்கு ஓட்டை எது, வழி எதுன்னு தெரியுமுங்களா? எங்க சந்து இருக்கோ அங்க போயி உக்காந்துக்கும்."

விஷயமே அதுதான். என்ஜினின் தண்ணீர்ப் பாதையில் குறுகலான சந்து ஹீட்டர் காயிலில்தான் இருக்கிறது, அங்கே ஓட்டமும் மந்தம். போட்ட பொடி ஒழுகலை நிறுத்துவதோடு காயிலையே பாதி அடைத்துவிடும், அப்புறம் ஹீட்டர் திறந்தால் வெதுவெதுப்புகூட வராது. மிச்சப் பொடி ரேடியேட்டரிலும் தங்கும். நடுவழியில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டிய நிலை என்றால் ஊற்றுங்கள், வந்ததும் முழுக்க அலசிக் கொட்டுங்கள். வேறு எதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஓரங்கட்டுவது

காயிலை அப்படியே விட்டுவிட்டு, என்ஜின் பக்கம் இரண்டு ஹோஸையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துவிடுவது. அரை மணி நேர வேலை. சென்னையிலோ மதுரையிலோ ஓடும் வண்டிக்கு இது வெட்கப்படத் தக்க குறுக்குவழி என்று நான் நினைக்கவில்லை. அங்கே ஹீட்டரைத் திறப்பவர் யார்? மழையில் கண்ணாடி மங்கினால் ஏசியே காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தெளிவாக்கிவிடும்.

ஆனால் செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். பலர் இரண்டு முனையிலும் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் (கூலன்டின் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) மூடியிருக்கும் நேரத்தில் தண்ணீர் சுற்றுவதே இந்த ஹீட்டர் பாதை வழியாகத்தான். அதை அடைத்தால் சூடான தண்ணீர் தெர்மோஸ்டாட்டுக்குப் போய்ச் சேராமல் அது தாமதமாகத் திறக்கும், ஹெட்டில் ஒரு மூலை மட்டும் கொதிக்கும். ஆகவே அடைக்காமல் சேர்ப்பதே பாதுகாப்பு. கூலன்டுக்கென்றே வரும் ஹோஸாக வாங்குங்கள். தோட்டத்து ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் அந்தச் சூட்டில் தளர்ந்துபோகும். நேர் ஹோஸை வளைத்தால் நடுவில் மடங்கிக்கொள்ளும், வளைவாகவே வார்த்து வருவதோ ஒரு உலோக வளைகுழாயோ தேவை. காயிலுக்குள் மிஞ்சிய கூலன்டை மெதுவாக ஊதி எடுக்காவிட்டால் பாகு வாடை வாரக்கணக்கில் வண்டியை விட்டுப் போகாது.

மலைக்காரர்களுக்கு இது ஒத்துவராது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மார்கழி விடியற்காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் ஏசியை நம்ப முடியாது, கண்ணாடியைத் தெளிவாக்க ஹீட்டர்தான் வேண்டும். இன்னொரு சமாச்சாரமும் உண்டு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போனால், ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசாகத் திறப்பது பழைய டிரைவர்களின் வழக்கம். வியர்த்துக் கொட்டும், ஆனால் என்ஜினுக்கு இரண்டாவது ரேடியேட்டர் கிடைத்த மாதிரி. ஓரங்கட்டிவிட்டால் அந்தக் கைத்துணையும் போய்விடும்.

பழையதைப் பற்றவைப்பதா, புதிது போடுவதா?

டேஷ்போர்டைக் கழற்றுவது என்று முடிவானபின் வரும் உண்மையான போட்டி இதுதான்.

உங்கள் காயில் செம்பு-பித்தளையா, அலுமினியமா என்று பாருங்கள். அலுமினியத்தில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. குழாய்கள் போய்ச் சேரும் பக்கவாட்டுத் தொட்டி பிளாஸ்டிக்காக இருந்து ரப்பர் வைத்து மடித்திருந்தால், யோசிக்காமல் புதிது வாங்குங்கள்.

பித்தளை என்றால் ரேடியேட்டர் பட்டறை வரை போய் வரலாம். எங்கள் காயிலைக் காற்றடைத்து வாளித் தண்ணீரில் முக்கினார்கள். தொட்டி சேரும் விளிம்பிலிருந்து குமிழி வரும், நாலு சொட்டு ஈயத்தோடு முடிந்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். குமிழி வந்தது நடுக் குழாய்களிலிருந்து, இரண்டு இடத்தில், ஊசிமுனை ஊசிமுனையாக. பட்டறைக்காரர் நகத்தால் குழாயை அழுத்திக் காட்டினார், அப்பளம் மாதிரி அமுங்கியது.

எங்கே ஒழுகுகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. விளிம்பில் ஒழுகினால் அது பற்று விட்டுப்போனது, உலோகம் நன்றாகவே இருக்கிறது. அலசி மறுபடி ஈயம் வைத்தால் பல வருஷம் ஓடும், புதுக் காயிலுக்கு எந்த வகையிலும் சளைத்ததில்லை. குழாயில் ஒழுகினால் அரிப்பு உள்ளிருந்து வருகிறது. இன்று இரண்டு குழாயை அடைக்கலாம், அடுத்த மழைக்கு மூன்றாவது கிளம்பும், மறுபடி டேஷ்போர்டு. அந்த நிலையில் புதுக் காயில், அல்லது புதிது கிடைக்காத மாடல் என்றால் தொட்டியை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகக் கட்டித் தரச் சொல்வது. கட்டித் தரும் கைகள் குறைந்துவருகின்றன, ஆனாலும் தேடினால் உண்டு.

எஸ்டீம் 1994-இல் வந்த வண்டி. பொருத்தமான புதுக் காயில் என்று கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் வேறு கம்பெனித் தயாரிப்பு அலுமினியம். எடை குறைவு, சூடும் நன்றாகவே தரும். குறை பொருத்தத்தில். வாங்குமுன் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகலம், தடிமன், குழாயின் வெளிவிட்டம், அது திரும்பும் கோணம். எனக்கு முதலில் கொடுத்ததில் குழாய் விரற்கடை அளவு தள்ளி நின்றது. வளைத்துப் போட்டுக்கலாம் என்றார் கடைக்காரர். வளைத்த குழாயின் கழுத்தில்தான் அடுத்த ஒழுகல் தொடங்கும், திருப்பிக் கொடுத்துவிட்டேன். சரியானது கிடைத்ததும் அதையும் பட்டறை வாளியில் முக்கிப் பார்த்த பிறகே மாட்டினோம்.

சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடங்களில் கழற்றிய காயில் கிடைக்கும். வேண்டாம். உங்களுடையதின் அதே வயது, அதே அரிப்பு. உடைந்த டேஷ்போர்டு கிளிப், விரிசல் விட்ட ஹீட்டர் பெட்டி ஆகியவற்றுக்கு மாற்று தேட மட்டும் அங்கே போங்கள்.

ஆக, சமவெளியில் ஓடும் வண்டி என்றால் ஓரங்கட்டல், மலையேறும் வண்டி என்றால் புதிது. விளிம்பில் மட்டும் ஒழுகும் பித்தளைக்குப் பற்று.

கழற்றியபின் கவனிக்க

வெளியே இரண்டு ஹோஸையும் முறுக்கி இழுக்காதீர்கள். பழைய ரப்பர் குழாயோடு ஒட்டியிருக்கும், முறுக்கினால் காயிலின் கழுத்து உடையும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் டேஷ்போர்டைத் தொட வேண்டும். ஏசியின் கூலிங் காயிலும் ஒரே பெட்டியில் இருக்கும் வண்டிகளில் ஏசி கேஸை முறைப்படி இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காயிலைச் சுற்றிய பஞ்சு உதிர்ந்திருந்தால் புதிது ஒட்டுங்கள், இல்லாவிட்டால் காற்று காயிலைத் தொடாமல் ஓரமாகத் தப்பிவிடும்.

அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாம் ஊற்றிய போர்த் தண்ணீர். கூலன்டை வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டாலும் அதிலுள்ள அரிப்புத் தடுப்பு தீர்ந்துபோகும். எர்த் சரியில்லாத வண்டியில் மின்சாரமும் கூலன்ட் வழியே பாயும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையை ரேடியேட்டர் வாயில் கூலன்டில் மட்டும் படும்படி முக்கிப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த் வயர்களைச் சுத்தம் செய்யுங்கள்.

இன்னொன்று, தெர்மோஸ்டாட். வண்டி சூடாகுது என்று யாரோ ஒருவர் எப்போதோ அதைப் பிடுங்கி எறிந்திருப்பார். எங்கள் வண்டியிலும் அதுதான். அது இல்லாவிட்டால் புதுக் காயில் போட்டும் காற்று வெதுவெதுப்போடு நின்றுவிடும், குறை காயில்மேல் விழும்.

கூலன்ட் நிரப்பும்போது ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, முன்பக்கம் மேடாக நிற்கும்படி வண்டியை நிறுத்தி, ஹோஸைப் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். முதல் இரண்டு நாள் காலையில் கூலன்ட் தொட்டியில் அளவு கொஞ்சம் இறங்கும், மிஞ்சிய காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். மூன்றாம் நாளும் இறங்கினால் கார்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள்.